பொம்பளைய மேல ஏத்தாம இருக்க அப்பாயி சொல்லும் யோசனை

ஏண்டா பேராண்டி, நம்ம மலைக்குப் புதுசா வந்திருக்கிற கணக்கப்பிள்ளை பொம்பளைப் புள்ளையாம், அவளுக்குக் கீழ வேலை செய்ய ஏலாதுன்னு நீயும் உன் கூட்டாளிமாரும் சங்கத் தலைவர் வீட்டு வாசல்ல போய் நின்னீங்களாமே. ரொம்பச் சந்தோசம்டா. இந்த லயத்து ஆம்பளைக ஒரு காரியத்துக்கு ஒத்துமையா நின்னதை இப்பதான் கேள்விப்படுறேன். சம்பளத்தைக் கூட்டுன்னு இப்பிடி நின்னிருந்தா எப்பவோ விடிஞ்சிருக்கும். போகட்டும்.

ஆனா நீங்க செய்யிற விதம் சரியில்ல. வெடுக்குன்னு "பொம்பளை வேணாம்"னு சொன்னா இந்தக் காலத்துல எடுபடாது. எவனாவது போன்ல பிடிச்சு ஊருக்கெல்லாம் அனுப்பிருவான். பொம்பளைய மேல ஏத்தாம வச்சிருக்கிறது ஒரு வித்தை. அதை உலகம் பூரா பெரிய பெரிய கொம்பனிக்காரனுக அழகாப் பழகி வச்சிருக்கான். கொழுந்து மடுவத்துல நின்னு நான் பார்த்ததையும், உன் அக்கா போன்ல வாசிச்சுக் காட்டினதையும் சேத்துச் சொல்லுறேன். காதைக் குடுத்துக் கேளு. உனக்குன்னா இலவசம்.

முதல் யோசனை: கும்பிடு.

பொம்பளைய எதிர்க்கக் கூடாது, கும்பிடணும். மார்ச் 8 வந்தா மகளிர் தினம்னு மேடை போடு. ஆளுக்கு ஒரு சேலை, ஒரு துண்டு கேக். "நாட்டின் முதுகெலும்பே, மலையகத்தின் தெய்வங்களே"ன்னு ஒருத்தன் தொண்டை கட்டக் கத்தணும். மறுநாள் காலையில அந்தத் தெய்வம் படங்கைக் கட்டிக்கிட்டு, கூடையை மாட்டிக்கிட்டு, அட்டைக்கடியோட நிரைக்குள்ள நிக்கும். தெய்வம் எங்கயாச்சும் சம்பளம் கூட்டிக் கேக்குமா?

டீ பெட்டியைப் பாரு. கூடை போட்ட பொம்பளை சிரிச்சுக்கிட்டு நிப்பா. தொரை படம் போட்ட டீ பெட்டியை நான் பார்த்ததில்ல, கிளாக்கர் படம் போட்டதும் பார்த்ததில்ல. படத்துக்கு நாங்க, பட்டுவாடாவுக்கு நீங்க. இதைவிட நல்ல பங்கு எங்க கிடைக்கும்?

ரெண்டாவது யோசனை: நாற்காலியைக் குடு, நோட்டுப் புத்தகத்தைக் குடுக்காத.

நம்ம சங்கத்துல மாதர் தலைவின்னு ஒரு பதவி இருக்கா இல்லியா? என்னா பதவிடா அது! மே தினத்துக்குப் பஸ்சுல பொம்பளைகளை ஏத்திக்கிட்டுப் போகணும். பெரியவர் வந்தா ஆலாத்தி எடுக்கணும். மாலையைக் கையில குடுக்கணும். கொழும்புல கொம்பனிக்காரனோட உக்காந்து சம்பளம் பேசுறப்ப மட்டும் அந்த அம்மா வீட்டுல ரொட்டி சுட்டுக்கிட்டு இருக்கணும். செக்ரோல்ல யாரு சம்பளத்துல இருந்து சந்தா வெட்டுறான்னு பார்த்தா பாதிக்கு மேல எங்களதுதான். அதையெல்லாம் பேசப்படாது.

இதை நம்ம தோட்டத்து ஆளுக மட்டும் கண்டுபிடிச்சதா நினைக்காத. இந்தியாவுல 2013ல ஒரு கம்பனிச் சட்டம் வந்துச்சு. பங்குச் சந்தையில இருக்கிற ஒவ்வொரு கம்பனியும் பணிப்பாளர் சபையில ஒரு பொம்பளையாவது வச்சிருக்கணும். முதலாளிமார் என்னா செஞ்சான்னு நினைக்கிற? எத்தனையோ பேரு வீட்டம்மாவை உக்கார வச்சான். இல்லாட்டி மகளை, மருமகளை. சட்டமும் நிறைவேறிச்சு, வீட்டுச் சொத்தும் வீட்டுக்குள்ளயே நின்னுச்சு. என்னா மூளை!

இங்க இலங்கையிலயும் நடந்துச்சே. 2018ல உள்ளூராட்சி எலெக்சன் வந்தப்ப நூத்துக்கு 25 பொம்பளைங்கிற சட்டம் அமலுக்கு வந்துச்சு. அதுக்கு முந்தி நாடு பூராவும் நூத்துக்கு ரெண்டு பேரு கூட கிடையாது. நம்ம மஸ்கெலியாவுக்குன்னு தனியா பிரதேச சபை வந்ததும் அந்த எலெக்சனோடதான். பட்டியல்ல போட பொம்பளைப் பேரு தேடி கட்சிக்காரன் ஓடுன ஓட்டத்தை நான் பார்த்தேனே. மச்சினிச்சி, சித்தி, அடுத்த லயத்து அக்கா, யாரு கையில ஆளடையாள அட்டை இருந்தாலும் சரி. அத்தனை வருசம் ஊருக்காக உழைச்ச பொம்பளை பக்கத்து வீட்டுல இருந்தா. அவ பேரு மட்டும் எவனுக்கும் ஞாபகம் வரல. அவளைப் போட்டா அவ நிசமாவே பேசிருவாளே, அந்தப் பயம்.

ஒண்ணுல மட்டும் கவனமா இரு. சட்டத்துக்குப் பல்லு முளைக்க விடாத. நோர்வேக்காரன் ஏமாந்துட்டான். அங்க 2003ல, பெரிய கம்பனி சபையில நூத்துக்கு 40 பொம்பளை இருக்கணும்னு சட்டம் கொண்டுவந்தான். "தகுதியான பொம்பளைக்கு நாங்க எங்க போறது"ன்னு முதலாளிமார் அழுதாங்க. 2008க்குள்ள சேர்க்காட்டி கம்பனியையே கலைச்சிருவோம்னு அரசாங்கம் சொல்லிச்சு. அவ்வளவுதான். அதுவரைக்கும் கண்ணுல படாத பொம்பளைகெல்லாம் ஒரே ராத்திரியில தகுதியோட வந்து நின்னுட்டாளுக. பயம் காட்டினா கண்ணு தெரியுது பாரு, அது ஒரு அதிசயம்.

மூணாவது யோசனை: நேரத்தைப் பார்த்து வை.

கூட்டத்தைப் பொழுது சாய்ஞ்ச பெறகு வை, டவுன்ல வை. முடிஞ்சா தவறணைக்குப் பக்கத்துல வை. ஒரு பொம்பளையும் வரமாட்டா. அப்புறம் "கூப்பிட்டோமே, அவளுகளுக்கு ஆர்வமில்ல"ன்னு கூட்டக் குறிப்புல எழுதிக்க.

எங்க நாள் எப்பிடின்னு உனக்குத் தெரியும். தெரியாட்டித்தான் நீ ஆம்பளை. கோழி கூவ முந்தி எந்திரிச்சு, மா பிசைஞ்சு, ரொட்டி தட்டி, சம்பல் அரைச்சு, புள்ளையைப் பிள்ளைக்காம்பராவுல விட்டுட்டு, பெரட்டுக்கு ஓடணும். நீ மருந்தடிக்கப் போனா, கவ்வாத்துக்குப் போனா, குடுத்த வேலையை முடிச்சுட்டு மத்தியானம் வீட்டுல கால் நீட்டிருவ. உனக்கும் ஒரு பேரு, ஒரு நாள் சம்பளம். நாங்க சாயந்தரம் வரைக்கும் கொழுந்தெடுத்து நெறுத்தாத்தான் அந்த ஒரு பேரு. கிலோ குறைஞ்சா அரைப்பேரு. 2021ல ஆயிரம் ரூபா சம்பளம்னு வர்த்தமானி வந்துச்சு. அதோட 18 கிலோ கேட்ட பல இடத்துல 20 கிலோ கேட்டான். ஒரு கையால குடுத்தான், இன்னொரு கையில தராசு.

பெரிய இடத்துலயும் இதே கதைதான். சென்னையில பொறந்த இந்திரா நூயின்னு ஒரு அம்மா, பெப்சி கொம்பனியையே 2006ல இருந்து 2018 வரைக்கும் நடத்துனவ. அதுக்கு முந்தி அந்தக் கொம்பனிக்குத் தலைவரா உயர்த்துனாங்களாம். அந்தச் சேதியோட ராத்திரி வீட்டுக்கு வந்தா, அவ அம்மா வாசல்லயே நிறுத்தி, பால் இல்ல, போய் வாங்கிட்டு வான்னுச்சாம். புருசன் முந்தியே வந்து வீட்டுக்குள்ளதான் இருக்காரு. அவரு களைச்சுப் போயிருக்காராம். அந்த அம்மாவே மேடையில சொன்ன கதை. உலகத்தையே விலைக்கு வாங்குற கொம்பனிக்குத் தலைவி ஆனாலும், பால் வாங்குற உத்தியோகம் மட்டும் அவளை விட்டுப் போகல பாரு. இந்த வித்தையை ஆம்பளை தனியா நடத்தல பேராண்டி. மாமியா, அம்மா, அப்பாயின்னு எங்களையும் சம்பளமில்லாத கங்காணியா வச்சுத்தான் நடத்துறான்.

ஆனா ஐஸ்லாந்துப் பக்கம் போயிராத. 1975 அக்டோபர் 24ல அங்க பொம்பளைக எல்லாம் சேர்ந்து, ஒப்பீசு வேலை, வீட்டு வேலை ரெண்டும் இன்னைக்குக் கிடையாதுன்னு கிளம்பிட்டாளுக. நூத்துக்குத் தொண்ணூறு பேரு. ஆம்பளைக புள்ளைகளைத் தூக்கிக்கிட்டு வேலைக்குப் போனானுக. சமைக்கத் தெரியாம கடை கடையா சொசேஜ் வாங்க, அது தீர்ந்தே போச்சாம். அஞ்சு வருசம் கழிச்சு, 1980ல, விக்டிஸ்னு ஒரு பொம்பளைய சனாதிபதியாக்கிட்டாங்க. ஒரு நாள் அடுப்பு எரியாட்டி என்னென்ன நடக்குது பாத்தியா? அதனால நேரத்தை மட்டும் எங்க கையில விட்டுராத.

நாலாவது யோசனை: புருசனைக் கேட்டியான்னு கேளு.

இது வெள்ளைக்காரன் வித்தை. நாகரிகம் தெரிஞ்சவன்னு நாம நினைக்கிறோமே, பிரான்சுல புருசன் சம்மதம் இல்லாம பொஞ்சாதி பேங்குல கணக்குத் திறக்கலாம்னு சட்டம் வந்ததே 1965லதான். ஜெர்மனியில வீட்டு வேலையும் பொஞ்சாதி கடமையும் கெடாம இருந்தாத்தான் அவ வேலைக்குப் போகலாம்னு சட்டப் புத்தகத்துல எழுதியே வச்சிருந்தான், 1977 வரைக்கும். நம்ம தோட்டத்துல அவ்வளவு கஷ்டப்பட்டுச் சட்டம் எழுதல. சம்பள மேசையில பொஞ்சாதி பேரைக் கூப்பிட்டா புருசன் கை நீட்டுவான். மகள் பேரைக் கூப்பிட்டா அப்பன் கை நீட்டுவான். கொழுந்து கிள்ளுன கை வீட்டுல, காசு வாங்குன கை தவறணையில.

அது மட்டுமா? ஆம்பளை பேருக்கு ஒரு காசு, பொம்பளை பேருக்கு அதைவிடக் குறைஞ்ச காசு. அதே மழை, அதே மலை. 1984ல சங்கமெல்லாம் சேர்ந்து வேலைநிறுத்தம் செஞ்ச பெறகுதான் ரெண்டும் ஒண்ணாச்சு. இப்ப "சமசம்பளம் குடுத்தாச்சே, இன்னும் என்னா வேணும்"னு கேக்குற பாரு, அந்தக் கேள்வியை நல்லா மனப்பாடம் செஞ்சுக்க. எந்த நாட்டுக்குப் போனாலும் உதவும்.

அஞ்சாவது யோசனை: ஒருத்தி செஞ்சதை ஊருப் பொம்பளைக தலையில கட்டு.

இதுக்கு நம்ம நாடு மாதிரி வசதியான நாடு கிடையாது. 1960 ஜூலையில சிறிமாவோ பண்டாரநாயக்க அம்மா பிரதமரானப்ப, உலகத்துலயே முதல் பொம்பளைப் பிரதமர் அவதான். உலகமே கை தட்டுச்சு. நாலு வருசம் கழிச்சு, 1964 அக்டோபர் 30ல, அதே அம்மா இந்தியப் பிரதமர் சாஸ்திரியோட ஒப்பந்தம் போட்டு, எங்கள்ல 5,25,000 பேரு இந்தியாவுக்கு, 3,00,000 பேரு இங்கன்னு பிரிச்சுட்டா. மீதி 1,50,000 பேரைப் பெறகு பார்க்கலாம்னு வச்சா. கொழுந்து நெறுக்குற மாதிரி மனுசரை நெறுத்தாங்க. அப்புறம் அந்த அம்மா ஆட்சியிலயே 1973, 74ல வந்த பட்டினி. மா கிடையாது, அரிசி கிடையாது. தோட்டத்துல எத்தனை சனம் செத்துச்சு.

அதனால நீ தாராளமா சொல்லலாம், "பொம்பளை ஆண்டா இப்பிடித்தான்"னு. ஆனா எவனாவது வெவரமானவன், "1948ல நம்ம குடியுரிமையைப் பிடுங்கினது டி. எஸ். சேனநாயக்க, அவரு ஆம்பளை ஆச்சே, அப்ப ஆம்பளையும் ஆளக் கூடாதா"ன்னு திருப்பிக் கேட்டா, பேச்சை மாத்திரு. மழை வரும்போல இருக்குன்னு சொல்லு. மஸ்கெலியாவுல அது எப்பவும் உண்மைதான்.

என் கட்சியைச் சொல்லட்டுமா? பொம்பளை வந்தா பொன்னாக் கொட்டுவான்னு நான் சொல்லல. கெட்டவனா இருக்க ஆம்பளைக்கு உரிமை இருக்கிறப்ப, அவளுக்கும் இருக்கட்டுமே. எவ்வளவோ மட்டமான தொரைமாரைப் பார்த்துட்டோம். ஒருத்தன் மோசம்னு அடுத்த தடவை தொரை வேலைக்கு ஆம்பளையே வேணாம்னு எவனும் சொல்லலியே.

ஆறாவது யோசனை: தள்ளிப் போடு.

இது ஜப்பான்காரன் வித்தை, ரொம்ப மரியாதையானது. 2020க்குள்ள தலைமைப் பதவியில நூத்துக்கு 30 பொம்பளை இருப்பாங்கன்னு 2003லயே அரசாங்கம் இலக்கு வச்சுச்சு. 2020 வந்துச்சு, இலக்கு வரல. இன்னும் கொஞ்சம் போகட்டும்னு தேதியைத் தள்ளி வச்சுட்டான். யாரும் யாரையும் திட்டல. குனிஞ்சு கும்பிட்டே பதினேழு வருசத்தை ஓட்டிட்டான்.

நீயும் சொல்லு: "வரட்டும், ஆனா வெளிக்கள வேலை கஷ்டம். மலை ஏறணும், மழையில நனையணும்." சொல்லும்போது மட்டும் சிரிக்காத. நம்ம தலைக்கு மேல சிவனொளிபாதமலை நிக்குது, 2,243 மீட்டர். சீசனுக்குச் சீசன் பல்லுப் போன கிழவிக கம்பை ஊனிக்கிட்டு ராவோட ராவா ஏறி இறங்குறாளுக. முதுகுல கூடையோட வாழ்நாள் பூரா மலை ஏறுனவளைப் பார்த்து, நோட்டுப் புத்தகத்தைத் தூக்கிக்கிட்டு ஏற ஏலாதுன்னு சொல்லுறதுக்கு ஒரு தனித் தைரியம் வேணும். உங்களுக்கு அது இருக்கு, நான் மறுக்கல.

இப்ப இந்த யோசனையெல்லாம் எங்க பலிக்காதுன்னும் சொல்லிடணும். இல்லாட்டி அப்பாயி அரைகுறையாச் சொல்லிட்டான்னு நீ குறை சொல்லுவ.

மூணாறுல பலிக்கல. கேரளாவுல இருக்கிற மலை, அங்கயும் நம்ம சாதிசனம் மாதிரித் தமிழ் ஆளுகதான் கொழுந்தெடுக்குறாங்க. 2015 செப்டம்பர்ல, நூத்துக்கு 20 இருந்த போனஸைக் கொம்பனி பத்தாக் குறைச்சுச்சு. சங்கத் தலைவருக ஆம்பளைக. அவங்க பேசிக்கிட்டே இருந்தாங்க. பொம்பளைக பார்த்தாளுக. ஆயிரக்கணக்குல ரோட்டுல வந்து உக்காந்துட்டாளுக. பொம்பிளை ஒருமைன்னு அதுக்குப் பேரு. சமாதானம் பேச வந்த சங்கத் தலைவருகளை, நீங்க வேணாம், போங்கன்னு திருப்பி அனுப்பிட்டாளுக. ஒம்பது நாளு. ஒம்பதாம் நாளு அந்த 20 கைக்கு வந்துச்சு. அதுல நின்ன கோமதி, லிசி, இராஜேஸ்வரின்னு பேரெல்லாம் பேப்பர்ல வந்துச்சு. அதுக்கு முந்தி சம்பள மேசையில மட்டும் கூப்பிட்ட பேருக.

அப்புறம் அவளுகளுக்குள்ள பிளவு வந்துச்சு, உண்மைதான். உடனே எல்லாரும் சொன்னான், "பொம்பளைக சேர்ந்தா இப்பிடித்தான்." நம்ம ஆம்பளைக 1939ல இலங்கை இந்தியன் காங்கிரஸ்னு ஒண்ணா ஆரம்பிச்சது, இன்னைக்கு எத்தனை சங்கம், எத்தனை கொடின்னு எண்ணிச் சொல்லு பார்ப்போம். விரல் பத்தாது, காலையும் நீட்டு. அது பிளவு இல்லியாம், கொள்கையாம்.

கொழும்புலயும் பலிக்கல. கஸ்தூரி செல்லராஜா வில்சன்னு ஒரு அம்மாவை 2020ல ஹேமாஸ் கொம்பனிக்கே தலைவியா வச்சாங்க. பங்குச் சந்தையில இருக்கிற அவ்வளவு பெரிய குழுமத்துக்கு ஒரு பொம்பளை தலைவியானது நாட்டுலயே அதான் முதல் தடவை. நம்ம செங்கொடிச் சங்கத்துக்கு மேனகா கந்தசாமி பொதுச் செயலாளரா வந்தப்பவும் வானம் இடிஞ்சு விழல.

நம்ம நுவரெலியா மாவட்டத்துலயும் பலிக்கல. 1947ல நம்ம ஆளுக ஏழு பேரு பாராளுமன்றம் போனாங்க, ஏழும் ஆம்பளை. ஒரு மலையகப் பொம்பளை உள்ள போறதுக்கு 77 வருசம் ஆச்சு. 2024 நவம்பர் எலெக்சன்ல இங்க கிருஷ்ணன் கலைச்செல்வி, பதுளையில அம்பிகா சாமுவேல், ரெண்டு பேரும் ஒண்ணாப் போய் உக்காந்தாங்க. மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கத்துல தண்ணி வத்துனா முங்கிப்போன பழைய டவுன் கோயில் தலையை நீட்டுற மாதிரி, அந்த எலெக்சன்ல ஒரு பொம்பளை பேரைச் சொன்னதும் எங்க காலத்துப் பழைய பேச்செல்லாம் வெளிய வந்துச்சு. "அவளுக்கு என்னா தெரியும்", "புருசன்தான் பேசுவான்", "புள்ளைகளை யாரு பார்க்கிறது." சொன்ன வாயெல்லாம் பெறகு வேலை கேட்டுக் கடுதாசி எழுதிச்சு.

சரி, உன் கதைக்கு வருவோம். அந்தக் கணக்கப்பிள்ளைப் புள்ளை வந்தா உனக்கு என்னா நட்டம்? நீ சொல்லமாட்ட, நான் சொல்லுறேன்.

மடுவத்துல கொழுந்து நெறுக்குறதை நீ பார்த்திருக்க. சாக்கைக் கொக்கியில மாட்டுவான். முள்ளு நிக்கிறதுக்குள்ள ஏதோ ஒரு கணக்கைச் சொல்லி எழுதிருவான். சாக்குக்குன்னு ரெண்டு கிலோ, தண்ணிக்குன்னு ரெண்டு கிலோ வெட்டுவான். மழை பெய்யாத நாள்லயும் தண்ணிக்கு வெட்டுவான். "ஏன் ஐயா"ன்னு கேட்டா, "ஏய், வாயை மூடு"ன்னு ஒரு சத்தம். முள்ளை எட்டிப் பார்க்க எங்களுக்கு உரிமை கிடையாது. ஆயுசு பூராவும் எங்க முதுகுல ஏறின பாரம் எவ்வளவுன்னு இன்னொருத்தன்தான் எங்களுக்குச் சொன்னான்.

அந்தப் புள்ளை வந்தாலும் வெட்டுவாதான். கொம்பனி சொன்னா அவளும் வெட்டித்தான் ஆகணும், அவளுக்கும் சம்பளம் வேணும். ஆனா அவ அம்மா கூடை தூக்கினவ. மழை நாளு எது, வெயில் நாளு எதுன்னு அவளுக்கு ஈரச் சாக்கைத் தொட்டா தெரியும். ஏன் வெட்டுனன்னு நாங்க அவகிட்டக் கேக்கலாம், அவ பதில் சொல்லித்தான் ஆகணும். நாளைக்கு அவ எங்க நிரை வழியாத்தான் வீட்டுக்குப் போகணும். உனக்கு நட்டம் இங்கதான் இருக்கு. ஒரு இடத்துல கேள்வி கேட்டுப் பழகின பொம்பளை, அடுத்து சம்பள மேசையில கேப்பா, சங்கத்துல சந்தாக் கணக்கைக் கேப்பா, கடைசியில வீட்டுக்கு வந்து உன்னைக் கேப்பா. நோர்வேயில இருந்து மஸ்கெலியா வரைக்கும் ஆம்பளை பயந்தது பொம்பளை உக்காருற நாற்காலிக்கு இல்லடா, அவ திறந்து பார்க்கிற கணக்குக்கு.

ஆகையினால நான் சொன்ன ஆறு யோசனையையும் வச்சுக்க, வீணாக்காத. பத்திரமா ஒரு தகரப் பெட்டியில போட்டுப் பூட்டு. நாளைக்குக் காலையில பெரட்டுக்குப் போ. அந்தப் புள்ளை செக்ரோலைத் திறந்து உன் பேரைக் கூப்பிடுவா. "இருக்கேன் தங்கச்சி"ன்னு சொல்லாத, அது உன் வீட்டுப் பேச்சு. "இருக்கேன் மிஸ்"னு சொல்லு. மருந்து டாங்கியைத் தூக்கிக்கிட்டு மலைக்கு ஏறு. மத்தியானம் வேலை முடிஞ்சதும் கால் நீட்டாம, பிள்ளைக்காம்பராவுல உன் மகளைத் தூக்கிக்கிட்டு வந்து, ரெண்டு ரொட்டி தட்டி வை. பொஞ்சாதி நெறுத்துட்டு வர்றப்ப பசியோட வருவா.

தட்டத் தெரியாதா? சொசேஜ் வாங்கிக்க. டவுன்ல கிடைக்குது.